பிள்ளையார் திட்டில் 23 கற்கோடரிகள்: சேர்வராயன் மலையிலிருந்து இணையத்துக்கு ஒரு நிகழ்வு ஆய்வு

சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்களுக்கு மேலே ஒரு சிற்றூர். ஊர் நடுவில் ஒரு மரம், மரத்தடியில் கல் திட்டு, திட்டின் மேல் பிள்ளையார். அவரைச் சுற்றி அரைவட்டமாக 23 கற்கள். எண்ணெய் ஊறி ஊறிக் கன்னங்கரேலென்று இருக்கும். பெரியது 14 செ.மீ. நீளம், சிறியது ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு முனை கூம்பியிருக்கும், மறுமுனை விசிறிபோல் விரிந்து கூர்விளிம்பாக முடியும். கூம்பிய பக்கம் கொத்திய சொரசொரப்பு, கூர்ப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. ஊரார் இவற்றைச் சாமிக்கல் என்கிறார்கள். தொல்லியலில் இவை புதிய கற்கால வகையைச் சேர்ந்த, மெருகேற்றிய கற்கோடரிகள்.

இது இந்த ஓர் ஊரின் வழக்கம் மட்டும் இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர், ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் குடியிருந்தார். சேர்வராயன் மலை மக்கள் நிலத்தில் கிடைக்கும் கற்கோடரிகளைப் பொறுக்கிவந்து பிள்ளையார் முன் வைத்து வணங்குவதை அவரே பதிவு செய்திருக்கிறார். அவர் சேர்த்த தொகுப்பு 1904-ல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குப் போனது. 1912-ல் மறைந்த அவருடைய நினைவுக்கல் ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்குப் போன கல்லுக்கு எண்ணும் அட்டையும் கிடைத்தன. திட்டில் தங்கிய கல்லுக்கு எண்ணெயும் பூவும் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. இரண்டாவது வகையை, அது இருக்கும் திட்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல், தமிழ் தெரிந்த யாரும் கைப்பேசியில் திருப்பித் திருப்பிப் பார்க்கும்படி செய்வதுதான் இந்த வேலையின் நோக்கம்.

ஊர் வைத்த நான்கு நிபந்தனைகள்

இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு சேர்த்துவிடுவது வெளியூர்க்காரர் செய்யும் முதல் தவறு. ஊரில் எதைச் செய்வதானாலும் ஊர்க்கவுண்டரும் பெரியவர்களும் கூடிப் பேசித்தான் முடிவெடுப்பார்கள். இரண்டு முறை கூடிப் பேசி நான்கு நிபந்தனைகள் சொன்னார்கள். கல் மரநிழலை விட்டு வெளியே போகக் கூடாது. பூசாரி தவிர வேறு யாரும் தொடக் கூடாது. ஊர்ப் பெயரும் இடமும் வெளியே தெரியக் கூடாது. சாமிக்கல்லின் உருவத்தைச் செய்து யாரும் விற்கக் கூடாது.

இந்த நான்கையும் தொழில்நுட்பத்துக்குத் தடையாகப் பார்த்தால் வேலை நடக்காது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு முடிவைத் தீர்மானித்தது. முதல் இரண்டும் படமெடுக்கும் முறையையும், மூன்றாவது கோப்பில் எது இருக்கலாம் எது இருக்கக் கூடாது என்பதையும், நான்காவது உரிமத்தையும் முடிவு செய்தன. மூன்றாவதுக்கு ஊர் சொன்ன காரணம் திருட்டுப் பயம். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை உரிமமில்லாமல் விற்பதும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி குற்றம். ஆனால் கையடக்கமான கல் ஒன்று இரவில் காணாமல் போனால், அது எந்தத் திட்டில் இருந்த கல் என்று நிரூபிக்க ஊரிடம் எதுவும் இல்லை. அளவோடு எடுத்த பதிவு அந்த இடத்தில்தான் உதவும்.

மார்கழியில் எடுத்தது ஏன் வீணானது

முதல் முறை மார்கழியில் போனபோது பதிவுக் குழுவினர் கைப்பேசியிலேயே எடுத்துப் பார்த்தார்கள். திட்டைச் சுற்றி நடந்து 340 படங்கள். நல்ல உச்சிவெயில், இலைகளுக்கிடையே புள்ளி புள்ளியாக வெளிச்சம், கல்லின் மேல் அன்று காலை பூசிய எண்ணெய். படங்களிலிருந்து முப்பரிமாண உருவம் கட்டும் மென்பொருளில் போட்டதும் திட்டு அழகாக வந்தது. பிள்ளையாரும் வந்தார். கோடரிகள் மட்டும் உருகிய மெழுகு போல வந்தன. ஐந்தாம் கல்லின் கூர்ப்பக்கத்தில், உண்மையில் மட்டமாக இருக்கும் இடத்தில், விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம்.

காரணம் எளிது. போட்டோகிராமெட்ரி என்கிற இந்த முறை, கல்லின் மேல் இருக்கும் ஒரே புள்ளியைப் பல கோணப் படங்களில் அடையாளம் கண்டு, அந்தக் கோணங்களிலிருந்து புள்ளியின் இடத்தைக் கணக்கிடுகிறது. கல்லில் இருக்கும் புள்ளி கல்லோடு ஒட்டியிருக்கும். எண்ணெயில் தெரியும் பளபளப்பு அப்படி இல்லை, கேமரா நகர அதுவும் நகரும். அதையும் கல்லின் புள்ளியாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், மேற்பரப்புக்கு உள்ளேயோ வெளியேயோ எங்கோ போய் நிற்கும். பள்ளமும் மேடும் அப்படித்தான் வருகின்றன. வழவழப்பான பகுதியில் பிடித்துக்கொள்ள வேறு புள்ளிகளும் இல்லையென்றால், பளபளப்பே ஆட்சி செய்யும். இலை வெயிலும் கெடுதல் செய்தது: 340 படங்கள் எடுத்து முடிப்பதற்குள் வெயில் நகர்ந்துவிட்டது, நிழல் விளிம்புகள் எல்லாம் டெக்ஸ்சரில், அதாவது வடிவத்தின் மேல் போர்த்தும் நிறப் படத்தில், கறையாகப் படிந்தன.

எண்ணெயைத் துடைத்துவிட்டு எடுக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். அது கூடாது. அந்த எண்ணெய்ப் படிவம் வழிபாட்டின் பகுதி. தவிர, கரைப்பான் போட்டுத் தேய்த்தால் விளிம்பிலுள்ள நுண்ணிய தேய்மானத் தடங்களும் போகும். பொறியியலில் பளபளப்பான பொருளை ஸ்கேன் செய்ய மேலே தூவும் வெண்பொடித் தெளிப்பான்களைச் சாமிக்கல்லின் மேல் நினைத்தே பார்க்க முடியாது. வழி பூசாரியிடமிருந்து வந்தது. தை வெள்ளிக்கிழமை அபிஷேகத்தில் கற்களைச் சீயக்காய் போட்டுக் கழுவுவார். கழுவிக் காய்ந்த பிறகுதான் விபூதி, அதன் பிறகுதான் எண்ணெய். அந்த இடைவெளியில் ஒன்றரை மணி நேரம் தருவதாகச் சொன்னார்.

தை வெள்ளி, காலை 7 மணி

ஒன்றரை மணி நேரத்தில் 23 கற்களையும் முப்பரிமாணமாக எடுக்க முடியாது. ஒரு கல்லுக்கு 106 படங்கள், நான்கு வினாடிக்கு ஒரு படம் என்றால் ஏழு நிமிடம். திருப்பி வைக்கவும் கூர்மை சரிபார்க்கவும் மூன்று நிமிடம். ஆக, கல்லுக்குப் பத்து நிமிடம். ஏழு கற்களை மட்டும் எடுப்பது என்று முடிவானது. பெரியது, சிறியது, விளிம்பு முழுதாக இருப்பது, விளிம்பு உடைந்தது, பாதியில் தேய்த்து நிறுத்தியது என்று வகைக்கு ஒன்று இரண்டாகத் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற 16 கற்களுக்கும் எண்ணெய் பூசிய பிறகு நிழலில், அளவுகோல் வைத்து நான்கு பக்கப் படங்கள் மட்டும். எல்லாவற்றையும் அரைகுறையாக எடுப்பதைவிட ஏழு கற்களை முழுதாக எடுத்தது சரியான முடிவு.

கொண்டுபோனவை: 24 மெகாபிக்செல் கேமரா, 60 மி.மீ. மேக்ரோ லென்ஸ், முக்காலி, பேட்டரியில் எரியும் இரண்டு எல்இடி பலகைகள், அவற்றின் முன் ஒட்டப் போலரைசர் தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி), லென்ஸுக்கு ஒரு போலரைசர், 24 கட்ட வண்ண அட்டை, சேலம் கடைவீதியில் வாங்கிய புது வெள்ளைக் காடாத் துணி, தார்ப்பாய், கேக் அலங்கரிப்பவர்கள் வைத்திருக்கும் சுழல் தட்டு. தட்டின் விளிம்பில் 15 டிகிரிக்கு ஒன்றாக 24 கோடுகள் முன்பே போட்டிருந்தது. தட்டைத் திட்டிலேயே, பிள்ளையாருக்கு இடப்பக்கம், துணி விரித்து வைத்தார்கள். தார்ப்பாயை மரக்கிளையில் கட்டி வெயிலை முழுதாக மறைத்தார்கள்.

விளக்கின் முன் ஒரு போலரைசர், லென்ஸில் ஒரு போலரைசர், இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும்போது பளபளப்பு மறைந்துவிடும், கல்லின் சொந்த நிறம் மட்டும் லென்ஸுக்குள் வரும். வெளிச்சம் இரண்டு, மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாவது) குறைவதால் முக்காலி இல்லாமல் முடியாது. சரிபார்க்க ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடியை வைத்து, லென்ஸ் போலரைசரை மெல்லத் திருப்பி, மூடியின் மேல் தெரியும் வெள்ளைப் பட்டை மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். இங்கே ஒரு சிக்கல் வந்தது. வலப்பக்க விளக்கின் பட்டை மறைந்தது, இடப்பக்கத்துடையது மறையவில்லை. தாளை வெட்டும்போது ஒன்று நீளவாக்கிலும் மற்றது குறுக்குவாக்கிலும் வெட்டப்பட்டிருந்தது. இரண்டு விளக்கின் தாளும் ஒரே திசையில் இருந்தால்தான் லென்ஸில் ஒரே திருப்பலில் இரண்டும் அடங்கும். கழற்றித் திருப்பி ஒட்டியதில் பத்து நிமிடம் போனது. பனி இறங்கிக் கற்கள் காய எப்படியும் நேரம் எடுத்துக்கொண்டதால் அந்தப் பத்து நிமிடம் வலிக்கவில்லை. தாளின் மூலையில் திசையைக் குறிக்க ஒரு மார்க்கர் கோடு போட்டுக்கொண்டு போவது நல்லது.

அமைப்பு: எஃப் 11 (லென்ஸ் திறப்பின் அளவு, எண் கூடினால் திறப்பு சிறிது), ஐஎஸ்ஓ 100, ஷட்டர் கால் வினாடி, வெள்ளைச் சமநிலை கைமுறை, ஃபோகஸ் கைமுறை, ரா கோப்பு (கேமரா திருத்தாமல் தரும் மூலப்படம்). எஃப் 11-ல், இந்தத் தூரத்தில், துல்லியமாகத் தெரியும் ஆழம் சுமார் 3 செ.மீ. தான். கேமராவுக்குத் தெரிவது கல்லின் முன்பாதி மட்டும் என்பதால் அது போதும். இன்னும் ஆழம் வேண்டும் என்று எஃப் 22-க்குப் போனால், சிறிய திறப்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் படம் முழுதும் மொண்ணையாகும். ஆட்டோஃபோகஸ் வைத்தால் ஒவ்வொரு படத்திலும் உருவத்தின் அளவு ஒரு பொட்டு மாறும், மென்பொருள் அதற்கும் சேர்த்துத் தடுமாறும்.

கல்லை எப்படி நிறுத்துவது? கிளிப், களிமண், மெழுகு எதுவும் ஆகாது. பூசாரி ஒரு படி பச்சரிசியைக் கிண்ணத்தில் கொட்டி, அதில் கல்லைக் கூம்பு முனை கீழாக ஊன்றினார். கச்சிதமாக நின்றது. அசையவில்லை, கல்லில் கீறலும் விழாது, வெள்ளைத் துணியோடு அரிசியும் வெள்ளை என்பதால் பின்னணியைக் கணினியில் நீக்குவதும் எளிது. 24 நிறுத்தங்கள், கேமராவை 20 டிகிரி உயரத்தில் ஒரு சுற்று, 50 டிகிரி உயரத்தில் ஒரு சுற்று: 48 படங்கள். பிறகு பூசாரி கல்லைத் தலைகீழாக, கூர்விளிம்பு அரிசிக்குள் போகும்படி ஊன்ற, மறுபடி 48. விளிம்பை நெருங்கிப் பத்து. மூன்றாவது கல் முழுதாகக் காயவில்லை. அரிசியின் மாவுத் தூள் கூர்ப்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. அந்தக் கல்லைத் திரும்பக் கழுவிக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, அரிசியை முறத்தில் புடைத்துத் தூள் போக்கிய பிறகே தொடர்ந்தார்கள்.

இந்த வேலையில் நம் கண்ணில் நிற்கும் கட்டம் விபூதி. தேர்ந்தெடுத்த ஏழில் இரண்டு கற்கள் மிக வழவழப்பு. பளபளப்பை அடக்கினாலும் அவற்றின் கூர்ப்பக்கத்தில் மென்பொருள் பிடித்துக்கொள்ள மச்சமோ குழியோ எதுவும் இல்லை. வெறும் சீரான கருமை. சடங்கின் வரிசைப்படி அடுத்தது விபூதி. பூசாரி அந்த இரண்டு கற்களுக்கு முதலில் விபூதி குழைத்துப் பூசி, மற்றவற்றுக்குப் போகுமுன் பத்து நிமிடம் காத்திருந்தார். காய்ந்த விபூதி மேற்பரப்பை மங்கலாக்கியது. விரல் இழுத்த இடமெல்லாம் ரேகையும் கோடும் திட்டும். மென்பொருளுக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது. தெளிப்பான் செய்யும் வேலையை, சடங்கின் வரிசை மாறாமல், பூசாரியின் விரல்களே செய்துவிட்டன. அந்த நிலையில் கல்லுக்கு 48 படங்கள். வடிவத்தை விபூதிப் படங்களிலிருந்தும் நிறத்தை வெறுங்கல் படங்களிலிருந்தும் எடுப்பது என்று திட்டம்.

அளவுகோல் பற்றி ஒரு வார்த்தை. எவர்சில்வர் ஸ்கேல் வெளிச்சத்தில் எரியும், எண் தெரியாது. அச்சிட்டு அட்டையில் ஒட்டிய 100 மி.மீ. கோல்கள் இரண்டைச் செங்கோணமாகத் தட்டில் வைத்தார்கள். அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்பது இயங்கிக்கொண்டிருந்தால் 100 மி.மீ. 97 ஆகிவிடும். வெர்னியரில் அளந்து பார்த்த பிறகே ஒட்ட வேண்டும். ஒரு கோலை வைத்து அளவை நிர்ணயித்து, மற்றதை அளந்து சரிபார்த்ததில் வித்தியாசம் 0.2 மி.மீ.

விளிம்பில் தேய்த்த தடங்களைப் பார்க்க முப்பரிமாண உருவம் போதாது. அது அவற்றை மழுப்பிவிடும். பெரிய கல்லுக்கு மட்டும் ஒளித்திசை மாற்றிப் படமெடுக்கும் ஆர்டிஐ முறையைச் செய்தார்கள். கேமராவும் கல்லும் அசையாது, விளக்கு மட்டும் 48 இடங்களுக்கு நகரும். கல்லின் அருகே ஒரு பளபளப்பான கறுப்புக் குண்டு. குண்டில் விளக்கு தெரியும் இடத்தை வைத்து மென்பொருள் ஒளியின் திசையைக் கணக்கிடும். விளக்கின் தூரம் கல்லின் மூலைவிட்ட நீளத்தைப் போல் மூன்று, நான்கு மடங்கு, எல்லாத் திசையிலும் ஒரே தூரம். அதற்கு 50 செ.மீ. நூல் ஒன்று போதும். உயரம் 15 டிகிரிக்கும் 65 டிகிரிக்கும் இடையில். இதற்கு மட்டும் போலரைசரைக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் இங்கே பளபளப்புதான் தகவல்.

கழுவிய நிலையிலும் விபூதி நிலையிலும் எடுத்தவை மொத்தம் 886 படங்கள். ஒவ்வொன்றும் சுமார் 28 எம்பி, ஆக 25 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. மலை இறங்குமுன் இரண்டு தனித்தனி வட்டுகளில் நகல். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒரே பையில் இரண்டு வட்டையும் வைக்காதீர்கள்.

கணினியில்

மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருளில் உருவாக்கம், பிளெண்டரில் திருத்தம், கிளவுட்கம்பேரில் அளவு ஒப்பீடு. வெண்பின்னணியைப் பிரகாசத்தின் அடிப்படையில் தானாக நீக்கியதால், நேராக ஊன்றியதும் தலைகீழாக ஊன்றியதும் மென்பொருளுக்கு ஒரே கல்லாகத் தெரிந்து, ஐந்து கற்கள் ஒரே ஓட்டத்தில் சேர்ந்துகொண்டன. வழவழப்பான இரண்டுக்கும் விபூதிப் படங்களையும் வெறுங்கல் படங்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். விபூதி படாத கூம்பு முனையின் கொத்துக் குழிகள் இரண்டு தொகுதியிலும் பொது என்பதால் அவை ஒட்டின. வடிவம் உருவான பிறகு விபூதிப் படங்களை ஒதுக்கிவிட்டு, வெறுங்கல் படங்களிலிருந்து மட்டும் டெக்ஸ்சர் எடுத்தது.

கணினி மேற்பரப்பைச் சிறு சிறு முக்கோணங்களாகக் கட்டுகிறது. முதல் வடிவம் ஒரு கல்லுக்கு 30 லட்சம் முக்கோணங்கள். இதை அப்படியே ஏற்றினால் நடுத்தரக் கைப்பேசி திணறி நின்றுவிடும். 1,20,000 முக்கோணங்களுக்குக் குறைத்து, இழந்த நுண்மேடு பள்ளங்களை நார்மல் மேப் என்ற படமாகப் பதித்து, 2048 பிக்செல் டெக்ஸ்சருடன், டிராகோ என்ற முறையில் சுருக்கி, இணையத்தில் திறக்கும் ஜிஎல்பி என்ற முப்பரிமாணக் கோப்பாக 6 எம்பியில் முடித்தார்கள். மலைச் சரிவில் சிக்னல் ஒரு கோடு நிற்கும் இடத்திலும் திறந்தால்தான் அந்த ஊரே தன் கல்லைப் பார்க்க முடியும். 6 எம்பி என்ற எல்லை அங்கிருந்து வந்தது.

இரண்டு பிழைகள் ஏற்றுமதியில் வந்தன. மாதிரியை மில்லிமீட்டரில் செய்திருந்தார்கள். ஜிஎல்பி வடிவம் எல்லா எண்ணையும் மீட்டராக எடுத்துக்கொள்ளும். 140 மி.மீ. கல் 140 மீட்டர் குன்றாக மாறியது. திரையில் தனியாகப் பார்க்கும்போது எதுவும் தெரியாது. கைப்பேசியில் மேசைமேல் வைத்துப் பார்க்கும் வசதியைத் தட்டியபோது அறை முழுதும் கறுப்பானதும்தான் புரிந்தது. ஏற்றுமதிக்கு முன் 0.001-ஆல் பெருக்க வேண்டும். இரண்டாவது, பளபளப்பை அடக்கி எடுத்த கல் திரையில் சுட்ட மண் போலத் தெரிந்தது. மெருகுதான் இந்தக் கோடரியின் பெருமை, அது தெரியாவிட்டால் பார்ப்பவருக்குப் பாதி கல்தான் கிடைக்கும். கூர்ப்பக்கத்துக்கு மட்டும் சொரசொரப்பு மதிப்பை 0.4-க்கு இறக்கி மெருகைத் திரும்பக் கொடுத்தார்கள். ஆனால் அது அளந்த மதிப்பு இல்லை, கண்ணால் பார்த்து வைத்தது. விவரக் குறிப்பில் அப்படியே எழுதியும் இருக்கிறார்கள். பலரும் எழுதாமல் விடுவது இதைத்தான்.

எங்கே ஏற்றுவது, எதை ஏற்றாமல் விடுவது

விக்கிப்பீடியாவின் பொதுப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ் 2018 முதல் முப்பரிமாணக் கோப்புகளை ஏற்கிறது. ஆனால் எஸ்டிஎல் வடிவில் மட்டும், அதில் நிறம் இருக்காது. இன்னொன்று, காமன்ஸில் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமம் செல்லாது. எஸ்டிஎல் கோப்பை அங்கே வைப்பது, முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருக்கும் எவருக்கும் சாமிக்கல்லை வார்த்து விற்க அனுமதி கொடுப்பதற்குச் சமம். ஊரின் நான்காவது நிபந்தனை அதைத்தான் தடுத்தது. மற்றவர்கள் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது என்பதால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதும் இங்கே செல்லாது.

எனவே பிரித்தார்கள். 23 கற்களின் நான்கு பக்கப் படங்கள், அளவுகோலுடன், 92 படங்களும் காமன்ஸில், பெயர் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில். தட்டையான படத்தை யாரோ சட்டையில் அச்சடித்தாலும் அடிக்கட்டும் என்று ஊர்க்கூட்டத்தில் விளக்கிச் சொல்லி ஒப்புக்கொண்ட பிறகுதான் இது. நிறத்தோடு சுழலும் ஏழு மாதிரிகளும் ஸ்கெட்ச்ஃபேப் என்ற முப்பரிமாண மாதிரித் தளத்தில், பார்க்க மட்டும், பதிவிறக்கம் இல்லாமல். பார்க்கத் தருவதைக் கெட்டிக்காரர்கள் கறந்தெடுக்க வழி உண்டு. குறைத்த வடிவத்தை மட்டும் ஏற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். 30 லட்சம் முக்கோண மூலமும் ரா படங்களும் இணையத்துக்கே போகவில்லை. அவை மூன்று நகல்களாக, ஒன்று வேறு ஊரில், ஒவ்வொரு கோப்புக்கும், அது மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணோடு இருக்கின்றன. படங்களும் வீடியோக்களும் அடங்கிய பென் டிரைவ் ஒன்று ஊர்க்கவுண்டர் வீட்டில் இருக்கிறது.

பெரிய தவறு நடந்தது இடத்தை மறைப்பதில். மார்கழியில் கைப்பேசியில் எடுத்தவற்றில் நான்கு படங்களை மாதிரிக்காகக் காமன்ஸில் ஏற்றியிருந்தார்கள். கைப்பேசி ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஜிபிஎஸ் எண்ணை எழுதி வைத்திருந்தது. அதில் ஐந்து தசம இடங்கள் இருந்தாலே தரையில் ஒரு மீட்டர் அளவு துல்லியம், திட்டின் வாசலுக்கே வழி சொல்லும். காமன்ஸ் அந்தத் தகவலை நீக்காது, படத்தின் கீழ் பட்டியலிட்டுக் காட்டும். இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தார்கள். திருத்திய படத்தை மேலேயே ஏற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு, பழைய வடிவம் வரலாற்றில் அப்படியே கிடைக்கும். நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஏற்றியவரே ஏழு நாளுக்குள் கேட்டால் பொதுவாக உடனே நீக்கிவிடுவார்கள். நீக்கினார்கள்.

அதன் பிறகு வைத்துக்கொண்ட ஒழுங்கு இது. படத்துக்குள் பதிந்த தகவலைத் திருத்தும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் ஜிபிஎஸ் புலங்கள் முழுவதையும் அழித்து, அழிந்ததை வேறொரு கணினியில் திறந்து பார்ப்பது. கோப்புப் பெயரில் ஊர்ப் பெயர் இல்லாமல் எண் மட்டும் வைப்பது. பின்னணியில் பெயர்ப்பலகை, பள்ளிச் சுவர், அடையாளம் தெரியும் மலைமுகடு எதுவும் இல்லாதபடி வெட்டுவது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் உதிர்ந்துவிடும், அதையே டாக்குமென்டாக அனுப்பினால் முழுதாகப் போய்ச் சேரும். தரம் குறையக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் டாக்குமென்டாக அனுப்புபவர்கள்தான் அதிகம். இடம் என்ற கட்டத்தில் சேர்வராயன் மலை, ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம் என்று மட்டும். ஆயத்தொலை கேட்கும் தளங்களில் ஒரு தசம இடம், அதாவது 11 கி.மீ. அளவுக்கு மழுப்பியது.

விவரக் குறிப்பின் சொற்களிலும் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. முதல் வரைவில் 'கைக்கோடரி' என்று எழுதியிருந்தார்கள். தமிழில் அந்தச் சொல் பழைய கற்காலக் கருவிக்கு நிலைத்துவிட்டது. தேடுபவர் அதே சொல்லில், பழைய கற்காலக் கருவிகள் கிடைத்த அத்திரம்பாக்கத்துக்குப் போய், அங்கே சொல்லப்படும் 15 லட்சம் ஆண்டு என்ற கணக்கை எடுத்துவந்து சேர்வராயன் கல்லின் மேல் ஒட்டிவிடுவார். இரண்டும் வேறு வேறு காலம், செய்முறையும் வேறு: அது சில்லு பெயர்த்துச் செய்தது, இது கொத்தி, தேய்த்து, மெருகேற்றியது. 'மெருகேற்றிய கற்கோடரி' என்று மாற்றினார்கள். வயது என்ன என்பதுதான் பார்ப்பவர் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. மண்ணடுக்கிலிருந்து அகழ்ந்தெடுக்காமல் எங்கிருந்தோ பொறுக்கி வந்த கல்லுக்கு வயது எண் எழுத முடியாது. 'புதிய கற்கால வகை' என்பதோடு நிறுத்தி, ஏன் எண் இல்லை என்பதையும் ஒரு வரி எழுதியது நல்லது. கல்லின் பெயரையும் அப்படித்தான். டோலரைட் என்ற கருநிறப் பாறை வகையின் பெயரை எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் சீவிப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, சாமிக்கல்லைச் சீவவும் முடியாது. 'கருமையான, நுண்மணிகளுள்ள கல்' என்பதே குறிப்பில் இருக்கிறது. ஊர்ச்சொல்லான சாமிக்கல் முதல் வரியிலேயே வருகிறது.

உண்மையில் அதிகம் பேரிடம் போய்ச் சேர்ந்தது சுழலும் மாதிரியும் இல்லை, காமன்ஸ் படங்களும் இல்லை. பிளெண்டரில் எடுத்த 15 வினாடி வீடியோ, 720 வரி, 3 எம்பி, கல் ஒருமுறை முழுதாகச் சுற்றிவந்து கூர்விளிம்பில் நிற்கும். ஊர்க்காரர்கள் தங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் அதைத்தான் அனுப்பிக்கொண்டார்கள். திருப்பூருக்கும் கேரளத் தோட்டங்களுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு அது போனது. இணைப்பைத் தட்டித் தளத்துக்கு வந்தவர்கள் அந்த வீடியோவுக்குப் பின்னால் வந்தவர்கள்தான். அடுத்த முறை செய்பவர்கள் வீடியோவைக் கடைசி வேலையாக வைக்காமல் முதலில் முடிக்கட்டும்.

அடுத்த தை

ஓராண்டு கழித்து, அடுத்த தை வெள்ளியில், அதே ஏழு கற்களை அதே அரிசிக் கிண்ணத்தில் மறுபடி எடுத்தார்கள். பழைய வடிவத்தின் மேல் புதியதைப் பொருத்தி கிளவுட்கம்பேரில் வித்தியாசத்தை நிறமாக்கிப் பார்த்தபோது ஆறு கற்கள் முழுதும் ஒரே பச்சை. பதினோராம் கல்லின் கூர்விளிம்பில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு: 4 மி.மீ. நீளம், 2 மி.மீ. ஆழம், புதிதாகச் சில்லு பெயர்ந்த இடம். அளவுப் பிழை 0.2 மி.மீ. என்பதால் இது கணக்குக் கோளாறு இல்லை. கைப்பேசியில் அந்தப் பொட்டைப் பார்த்த பூசாரி திட்டுக்குப் போய், அந்தக் கல் இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே, ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில் இருந்த சிதறுதேங்காய்க் கல்லைக் காட்டினார். ஓடு தெறிக்கும் பக்கம் அதுதான். அன்று மாலையே நான்கு பேர் சேர்ந்து தேங்காய் உடைக்கும் கல்லைப் பெயர்த்து, திட்டிலிருந்து ஆறடி தள்ளி, மரத்தின் மறுபக்கம் ஊன்றினார்கள்.